எட்டாம் நம்பர் கட்டில்

போன வெள்ளிக்கிழமையிலிருந்து யாராவது என் பெயரைக் கேட்டால், ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

நேற்றுத் தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு, "சிவஞானம் சார் நீங்கதானே?" என்றார். பதினோரு வருஷமாக எனக்குத் தபால் கொடுக்கிறவர்! சும்மா விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறார். நானோ, அவர் கையிலிருந்த கவரை வாங்கி, விலாசத்தை இரண்டு முறை படித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும் படித்த பிறகுதான், "அப்படித்தான் தெரிகிறது" என்றேன்.

மனிதர் பயந்து போய்விட்டார். "உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா சார்?"

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதுதான் கதையே. உடம்புக்கு ஒன்றுமே இல்லாத ஒருவன், ஆபரேஷன் தியேட்டரின் வாசல் வரைக்கும் படுத்துக்கொண்டே போய்விட்டுத் திரும்பிய கதை. எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இதை ஆரம்பித்து வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஓசூரில் டாக்டர்கூடக் கிடைத்துவிடுவார். டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் கிடைக்காது. புண்ணுக்குக் கட்டுப் போட, மருந்து கலக்க, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சோதிக்க, ஆபரேஷன் சமயத்தில் கேட்ட கருவியை எடுத்து நீட்ட — எல்லாவற்றுக்கும் பெங்களூரிலிருந்தோ வேலூரிலிருந்தோ ஆள் வர வேண்டும். வருவார்கள். மார்கழிக் குளிரை ஒரு தடவை பார்ப்பார்கள். தை பிறந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள்.

ஆகவே, எங்கள் ஊர் ஹைஸ்கூலும் ஊர்க்கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியும் கூடிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஒரு வருஷப் பயிற்சி. காலையில் ஸ்கூலில் உடற்கூறும் ரசாயனமும். பிற்பகலில் ஆஸ்பத்திரியில் கைவேலை. பாஸானால் அங்கேயோ, அதன் கிளைகளிலோ உத்தியோகம்.

பெற்றோர் கூட்டத்தில் நான் பேசினேன். பெற்றோர் சங்கக் காரியதரிசி பேசாமல் வேறு யார் பேசுவது? "வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுங்கள்! நம் ஊர் நோயாளிக்கு நம் ஊர்ப் பிள்ளை கை கொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்கள்?" என்று மேஜையைத் தட்டினேன். ஒரே கைதட்டல். அந்தக் குஷியோடு வீட்டுக்கு வந்தால்... முதல் பெயராகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள், என் மகள் சுகுணா.

"நீங்கதானேப்பா வீட்டுக்கு ஒண்ணு கேட்டீங்க?"

"அது... மத்த வீடுகளைச் சொன்னேம்மா."

"மத்த வீட்லயும் அதையேதான் சொல்றாங்களாம்."

மேடையில் பேசுகிறவன் வீட்டில் காது நன்றாகக் கேட்கிற பெண் இருக்கக் கூடாது.

அந்த ஒரு வருஷத்தில் எங்கள் வீட்டில் கட்டுப் போட்டுக்கொள்ளாத பொருள் கிடையாது. தலையணைக்குக் கட்டு. அம்மிக் குழவிக்குக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தால் என் இடது கட்டைவிரல் வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருக்கும். என் மனைவி தங்கம் குழவியின் கட்டைப் பிரித்துக்கொண்டே, "இது எங்கேடி விழுந்து அடிபட்டுச்சு?" என்பாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சுகுணா சொன்னாள்:

"அப்பா, நோயாளிகிட்ட 'நீங்க முனுசாமிதானே'ன்னு கேக்கவே கூடாதாம். சிஸ்டர் இன்னைக்கு சொல்லிக் குடுத்தாங்க."

"ஏனாம்?"

"நம்ம ஜனங்க வெள்ளைக் கோட்டைக் கண்டா எதுக்கும் 'ஆமாங்க'ன்னுடுவாங்களாம். மரியாதையாம். அதனால பேரை நாம சொல்லக் கூடாது, அவங்களைச் சொல்ல வெக்கணும். பேரு என்ன, ஊரு என்ன, உடம்புக்கு என்ன — மூணு கேள்வி. அவங்க சொல்ற வார்த்தையை அப்படியே அட்டையில எழுதணும். நம்ம சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாமர ஜனங்களின் இந்த 'ஆமாங்க' வியாதியைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்றேன். அதோடு விட்டேனா? நான் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணையின் பெருமையையும் எடுத்து விட்டேன். எங்கள் பண்ணையில் ஒரு பசுவை ஊசி போடக் கொண்டுபோகுமுன் அதன் காது நம்பரை இரண்டு பேர் தனித்தனியே படிக்க வேண்டும். அந்த விதியை எழுதி, ஆபீஸில் ஒட்டி வைத்தவன் அடியேன்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி வைத்திருக்கிறாள்.

வருஷம் முடிந்தது. கைவேலைப் பரீட்சை வந்தது. கூடவே ஒரு தாளும் வந்தது. சுகுணா பாஸானால் அவளைச் சிங்காரப்பேட்டையில் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பெற்றோர் சம்மதிக்கிறார்களா? 'ஆம் — இல்லை. வேண்டாததை அடிக்கவும்.' கீழே கையெழுத்து.

சிங்காரப்பேட்டை! ஊத்தங்கரையைத் தாண்டி எங்கோ இருக்கிறது. பஸ் மாறிப் பஸ் மாறிப் போக வேண்டும். பத்தொன்பது வயசுப் பெண். ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்தாலே விளக்கை ஏற்றிக்கொண்டு கூடப் போகிறவன் நான். அந்தத் தாளை மேஜை டிராயரில், பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தேன். மூன்று வாரமாக அங்கேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டிய கெடு, பரீட்சைக்கு அடுத்த திங்கட்கிழமை.

"கையெழுத்துப் போட்டீங்களாப்பா?" என்பாள்.

"முதல்ல பாஸ் பண்ணு கண்ணு" என்பேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் மலைக் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். என்ன வேண்டுதல் என்று சாமியிடம் சொல்லவில்லை. அவள் பாஸாக வேண்டும் என்றா, ஆகக் கூடாது என்றா? எனக்கே தெரியாததைச் சாமியிடம் எப்படிச் சொல்வது?

இந்தப் பரீட்சையில் ஒரு விசித்திரமான வழக்கம் வைத்திருந்தார்கள். பரீட்சை எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும் — நோயாளியாகப் படுக்க! காரணம் இருந்தது. வார்டில் இருந்த நிஜ நோயாளிகள் பயிற்சிப் பிள்ளைகளின் ஆர்வத்தைத் தாங்க முடியாமல் களைத்துப் போயிருந்தார்கள். ஒரு பெரியவருக்கு ஒரே நாளில், ஒரே காலில், ஒன்பது தடவை கட்டுப் போட்டுப் பிரித்தார்களாம். பத்தாவது கட்டோடு அவர் சுவர் ஏறிக் குதித்துவிட்டார். கால் சரியாகிவிட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்படி வருகிறவர்களுக்கு 'வீட்டு நோயாளி' என்று பெயர். இரண்டு நிபந்தனை. ஒன்று, சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த வேலை, எந்த ஆள் என்று முடிவு செய்வார்கள். சொந்த அப்பா அம்மா தன் பிள்ளையிடம் வரக் கூடாது. இரண்டு, எதிரே வந்தாலும் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் பிள்ளைக்கு மார்க் குறையும்.

தங்கத்துக்குப் போக ஆசைதான். ஆனால் அவள் சுகுணாவைக் கண்டால் தெரியாததுபோல் இருக்க மாட்டாள். "ஏண்டி, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஆகவே நான் போனேன்.

பயத்தில் முந்தின ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையில் காப்பியும் இறங்கவில்லை. என் பயம் இரண்டு. சுகுணாவின் பரீட்சை ஒன்று. ஊசி ஒன்று. பண்ணையில் மாட்டுக்கு ஊசி போடும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி நான். மாடு என்னைத் திரும்பிப் பார்க்கும்.

வார்டில் எனக்கு ஏழாம் நம்பர் கட்டில் கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றி ஆஸ்பத்திரியின் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு படுத்தேன். திரும்பிப் பார்த்தால், என் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே அடுப்பு! அடுப்பின்மேல் பாத்திரம்! பாத்திரத்துக்குள் ஊசிகள் 'களக் களக்' என்று கொதித்துக்கொண்டிருக்கின்றன!

அடுத்த கட்டில் எட்டாம் நம்பர். அதில் ஒரு பெரிய மீசைக்காரர் சாந்தமாகப் படுத்திருந்தார். அவருக்கும் அதே வெள்ளை அங்கி. அவரும் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டு நோயாளி என்று நினைத்தேன்.

"அய்யா, எந்த ஊரு?"

"தளிங்க. மாரப்பான்னு பேரு."

"எனக்கு இந்த அடுப்புச் சூடு ஒத்துக்காதுங்க. நாம கட்டிலை மாத்திக்கலாமுங்களா?"

"ஹூம்" என்றார். தளிப் பக்கத்தில் பேசும் கன்னடத்தில் அதற்கும் 'ஆமாம்' என்றுதான் அர்த்தம். மறு பேச்சில்லாமல் எழுந்து வந்து என் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் அவருடைய கட்டிலில் படுத்தேன். 'எவ்வளவு நல்ல மனிதர்!' என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. அதையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஜோசப் வந்தார். நல்ல வேலைக்காரர் என்று பெயர் எடுத்தவர். லீவு முடிந்து அன்று காலையில்தான் டியூட்டிக்குத் திரும்பியிருந்தார். வந்ததும் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாரப்பாதானே?"

இங்கேதான் நான் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். குரலில் ஓர் அதிகாரம் இருந்தது. தவிர, எனக்கு ஒரு யோசனை மின்னியது — வீட்டு நோயாளிகளுக்குப் பரீட்சைக்காக வேறு பெயர் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது! நாடகத்தில் வேஷம் கொடுக்கிற மாதிரி!

"ஆமாங்க" என்றேன்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து வயித்துக்கு ஒண்ணும் போடலையே?"

"இல்லைங்க." அது சத்தியம்.

"பயமா இருக்குதா?"

"ஆமாங்க." அது அதைவிடச் சத்தியம்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. தூங்கி எழுந்தா முடிஞ்சிருக்கும்" என்று சொல்லி, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். உலகம் மங்கலாகிவிட்டது.

திரும்பி வந்தபோது கையில் சவரக் கத்தி.

சவரம் செய்தார். எங்கே என்று கேட்காதீர்கள். இது குடும்பப் பத்திரிகை.

அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீர் வைத்தியம் ஒன்று நடந்தது. அதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. அப்புறம் அடிவயிறு முழுக்க டிங்ச்சர் தடவினார். ஜில்லென்றும் இருந்தது, எரியவும் எரிந்தது.

வாசகர்கள் கேட்கலாம்: ஏனய்யா, படித்த மனிதர்தானே, இத்தனைக்குமா சந்தேகம் வரவில்லை?

சத்தியமாக வரவில்லை! எனக்கு வந்தது சந்தேகம் அல்ல, பெருமை. 'ஆஹா, என்ன முழுமையான பரீட்சை! ஒரு சின்ன விஷயத்தைக்கூட விடாமல் செய்கிறார்களே! நான் மேஜையைத் தட்டிப் பேசியது வீண் போகவில்லை' என்று நினைத்தேன். ஜோசப்பிடம், "ரொம்ப நல்லா செய்யறீங்க" என்று உற்சாகம்கூடக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் குழம்பி, "வாடிக்கைதானுங்க" என்றார்.

தலைக்குத் துணிக் குல்லாய். கழுத்து வரை போர்வை. தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். வண்டி உருண்டது. தாழ்வாரத்து உத்தரங்கள் ஒவ்வொன்றாக என் முகத்துக்கு மேலே பின்னோக்கி ஓடின. ஏதோ கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல் இருந்தது எனக்கு.

ஊர்வலம் ஒரு கதவுக்கு முன்னால் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் கருவிகளை ஒழுங்குபடுத்தும் 'கிளிங் கிளிங்' சத்தம். கதவுக்கு இந்தப் பக்கம், சேலத்திலிருந்து வந்திருந்த பரீட்சகர் — வயசான டாக்டர் — ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. அப்போது தெரிந்தது ஒரு கறுப்புக் கோட்டு மங்கல் மட்டும்தான். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை மங்கல். முகத்தில் துணி கட்டிய ஒரு பெண்.

"உங்க பேரு என்னங்க?"

சுகுணா!

குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது — அதாவது, எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொண்டேன். சீட்டில் என் மகளுக்குத் தியேட்டர் வாசலில் நோயாளியை விசாரித்து உள்ளே அனுப்பும் வேலை விழுந்திருக்கிறது. தவறுதலாக என்னையே அவளிடம் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நான் 'என்னம்மா சுகுணா' என்றால் அவளுக்கு மார்க் போய்விடும். நான் திறமையாக நடிக்க வேண்டும்!

"மாரப்பா" என்றேன், கொஞ்சம் கரகரத்த குரலில்.

அவள் அட்டையைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

"உங்க ஊரு எதுங்க?"

இதுவும் எனக்குத் தெரியுமே! "தளி" என்றேன். இரண்டுக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் பதில் சொன்னதில்லை.

பின்னாலிருந்து ஜோசப், "அதெல்லாம் சரியா இருக்குதும்மா, அட்டை கீது பாரு. உள்ளே டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க" என்றார். கதவு திறக்கிற சத்தமும் கேட்டது. மருந்து நெடி குப்பென்று வந்தது.

"இன்னும் ஒரு கேள்வி இருக்குதுங்க" என்றாள் சுகுணா. வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை என் கைமேல் பட்டது. பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"உடம்புக்கு என்னங்க? எதுக்காக இங்கே வந்திருக்கீங்க?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மாரப்பாவிடம் ஊரைக் கேட்டேனே தவிர, உபாதையைக் கேட்கவில்லையே! நடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். தலைவலி என்பதா? இருமல் என்பதா? அடிவயிற்றில் டிங்ச்சர் தடவிக்கொண்டு யாராவது இருமலுக்கு வருவார்களா? அவள் கையோ இன்னும் சில்லென்றே இருக்கிறது. பாவம், குழந்தை பரீட்சைக்குப் பயப்படுகிறாள்... என்னால் பெயிலாகப் போகிறாள்...

"என் பொண்ணு பாஸாகணும்னு வந்திருக்கேன்" என்றேன்.

அன்று காலையிலிருந்து, யோசித்துச் சொன்ன ஒரே உண்மை அதுதான். கோயிலில் சாமியிடம் சொல்லாததும் அதுதான் என்று, சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள் — சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி, நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே! எழுதி முடித்து, அட்டையைப் பரீட்சகரிடம் நீட்டினாள்.

"சார், இவரை உள்ளே விடக் கூடாது."

பரீட்சகர் அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். "பேர் மாரப்பா. ஊர் தளி. குடல் இறக்கம், ஆபரேஷன்... இது டாக்டர் எழுதினது. நோயாளி சொல்வது — 'என் பொண்ணு பாஸாகணும்.'" அட்டையைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்த வியாதிக்கு ஆபரேஷன் கிடையாதே அம்மா!"

ஆபரேஷன் என்ற சொல் அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. குடல் இறக்கம் என்ற சொல் அதற்கும் பின்னால் விழுந்தது.

ஜோசப் என் முகத்தின்மேல் குனிந்தார். அவர் முகம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அது வெளுத்துப் போனது தெரிந்தது. "ஐயோ... சார்... நீங்க மாரப்பா இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

பழக்கம்! உயிர் போகிற நேரத்திலும் விடவில்லை. பரீட்சகர் வாய்விட்டுச் சிரித்தார். சுகுணா சிரிக்கவில்லை. முகத்துணியைக் கீழே இழுத்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? நிஜமா ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்தேன். அங்கிக்கு முதுகுப் பக்கம் துணி கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பின்னால் நின்றவர்களுக்கும் தெரிந்தது.

தியேட்டர் வாசல் வேலைக்கு மட்டும் நிஜ நோயாளிதானாம். அப்படியானால் அந்த நிஜ மாரப்பா எங்கே?

வார்டுக்கு ஓடினார்கள். ஏழாம் நம்பர் கட்டில் காலி. என்ன நடந்திருக்கிறது என்றால், பரீட்சை எழுதும் பிள்ளை ஒருத்தி வந்து, மாரப்பாவுக்கு டெம்பரேச்சர் பார்த்து, நாடி பார்த்து, இடது கையில் அழகாக ஒரு கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டு, வீட்டு நோயாளிகளுக்கென்று வைத்திருந்த பன்னையும் டீயையும் கொடுத்து, "ரொம்ப நன்றிங்க, நீங்க போகலாம்" என்று கும்பிட்டு அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு.

தளி பஸ் புறப்படுகிற சமயத்தில் பிடித்தார்கள். மாரப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, தூளியில் தொங்கும் கையைக் காட்டி, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் ஆபரேஷனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "கொஞ்சங்கூட வலியே தெரியலை. முடிஞ்சதும் பன்னு குடுத்தாங்க!"

திரும்ப அழைத்து வந்தபோது ஜோசப் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, உனக்கு நோவு அடிவயித்துல. கையில கட்டுப் போட்டா, ஏன்னு கேக்க மாட்டியா?"

மாரப்பா நிதானமாகச் சொன்னார்: "படிச்சவங்க செய்யறாங்க. அவங்களுக்குத் தெரியாததா சாமி? கையில கட்டுனா வயித்துக்கு இறங்கும்னு நெனச்சேன்."

பன் சாப்பிட்டுவிட்டதால் அவருக்கு ஆபரேஷன் மறுநாள்தான் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தேன். "நீங்க படுத்திருந்த கட்டிலு உங்களுக்கு நல்லா இருந்துச்சுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

அப்போது டாக்டரம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "உள்ளே வந்திருந்தாலும் நான் கட்டாயம் பார்த்திருப்பேன் சார்" என்றார். கூட வந்திருந்த என் மனைவி, "எப்பங்க? மயக்கம் குடுக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து தியேட்டர் வாசலில் சுகுணாவின் மூன்று கேள்விகளையும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பயிற்சி பெற வந்த பிள்ளை, பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரிக்கே மாட்டி வைத்த பாடம். ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் கைகோத்துக்கொண்டால் கற்றுக்கொடுப்பது யார், கற்றுக்கொள்வது யார் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

சரி, சுகுணா பாஸா, பெயிலா?

அதற்கு ஒரு வாதம் நடந்ததாம். ஸ்கூலின் தலைமையாசிரியை, "சொந்த அப்பாவைக் கண்டுபிடிப்பது என்ன சாமர்த்தியம்? அதற்கா மார்க்?" என்று கேட்டாராம். பரீட்சகர் சொன்னாராம்: "அப்பா என்று முதல் கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும் மூன்றாவது கேள்வி வரைக்கும் கேட்டாள் பாருங்கள், அதற்குத்தான் மார்க்."

பாஸ்.

அன்று சாயங்காலம் வீட்டில் சுகுணாவிடம் கேட்டேன். "என்னைப் பார்த்ததும் ஏன் கண்ணு கத்தலை? மார்க் போயிடும்னா?"

"மார்க்காவது ஒண்ணாவது! நீங்க ரெண்டு கேள்விக்கும் அட்டையில இருக்கறதையே சொன்னீங்களேப்பா... பேரை மாத்திக்கிட்டு, எங்களுக்குத் தெரியாம ஆபரேஷன் பண்ணிக்க வந்துட்டீங்களோன்னு நெனச்சேன். அம்மா பயப்படுவாங்கன்னு மறைச்சுட்டீங்களோன்னு. அதான் மூணாவது கேள்வியைக் கேட்டேன். எனக்கே தெரிஞ்சாகணும்."

அவளுக்காக நான்தான் பயப்படுகிறேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கம் விடவில்லை. "பண்ணையில பசுவை ஊசிக்குக் கொண்டுபோனா காது நம்பரை ரெண்டு பேரு படிக்கணும்னு ஆபீஸுல எழுதி ஒட்டினீங்களே, அந்த மாட்டுக்கு இருக்கற மரியாதைகூட உங்களுக்கு இல்லாம போச்சேங்க!"

ஒரு வாரம் ஆகப் போகிறது. சவரம் செய்த இடத்தில் முடி முளைக்கிறது. அது ஒரு தனி வேதனை. ஆபீஸ் நாற்காலியில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. தாசில்தார் வந்திருந்தபோது நான் நெளிந்துகொண்டே இருந்ததை, அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பாமர ஜனங்களின் 'ஆமாங்க' வியாதியைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னேன் அல்லவா? எழுதிவிட்டேன். இந்த ஜில்லாவிலேயே முற்றிய கேஸ் நான்தான். பாமரர் 'ஆமாங்க' என்கிறார், எதிரே இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி. படித்தவன் 'ஆமாங்க' என்கிறான், தனக்கே எல்லாம் தெரியும் என்று நம்பி. இரண்டு பேருமே ஒரே தள்ளுவண்டியில்தான் போகிறோம்.

திங்கட்கிழமை காலையில் டிராயரைத் திறந்தேன். பஞ்சாங்கத்துக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். சுகுணா கதவோரம் நின்றாள். தாளில் பெயர் கேட்டிருந்தது. என் பெயரையே எழுதினேன். ஊர் கேட்டிருந்தது, ஓசூர் என்று எழுதினேன். மூன்றாவதாக, ஆமா இல்லையா என்று கேட்டிருந்தது.

'இல்லை'யை அடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேள்வியைப் படித்துவிட்டுச் சொன்ன 'ஆமாங்க' அது.